எப்போதிலிருந்து என்று கேட்டார் டாக்டர்

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் நான் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே ஒருவர் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக் கொடுக்கிறார். ஒரு நாள் நான் படியிறங்கும்போது ஒரு நீலச் சட்டையை நீட்டி, "பர்சோன் குடுத்தீங்க பாய், வாங்கவே வரல" என்றார். பாய் இங்கே எல்லோருக்கும் பொதுவான அண்ணன்; பர்சோன் என்றால் இந்தியில் முந்தாநாள். அந்தச் சட்டையை நான் கொடுத்தது மழைக்காலத்தில். இப்போது தார் உருகும் வெயில். அவர் கேலி செய்யவில்லை. இந்த ஊர் இந்தியில் பர்சோனுக்கு எல்லை கிடையாது. போன வாரமும் பர்சோன், போன வருஷமும் பர்சோன். "பர்சோன் எங்க அப்பா தவறினப்போ" என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால், அப்பா போய் இருபது வருஷம் ஆகியிருக்கலாம். வந்த புதிதில் நான் இதில் குழம்பினேன். கொஞ்ச நாளில் இந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த சொல்லாக அது ஆகிவிட்டது. முந்தாநாளுக்கும் முந்தின வருஷத்துக்கும் என் மண்டைக்குள் எப்போதுமே பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. நான் பேசும் மற்ற பாஷைகள் எதிலும் இல்லாத வசதி அந்தச் சொல்லில் இருந்தது. அதே சொல்தான் என்னைக் கதிகலங்க அடித்தது.

நான் அருப்புக்கோட்டைக்காரன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் பம்பு செட் பட்டறை, பெங்களூரில் கட்டட வேலை, சோலாப்பூரில் தறி, அதற்குப் பிறகு இங்கே. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. சம்பளம் போதாமல் கிளம்பியதும் இல்லை. ஒரு நாள் காலையில் அந்த வேலையைப் பார்த்தால் மூச்சு முட்டும், கிளம்பிவிடுவேன். அடுத்த ஊரில் இறங்கிய பிறகுதான் பெட்டியை விட்டு வந்தது தெரியும். கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். பரிசம் போடும் தேதியை மறந்து நான் வேறு ஊரில் இருந்தேன். இதையெல்லாம் பெரிய துக்கமாகச் சொல்லவில்லை. நடந்தது இது. ஹைதராபாத்தில் லிஃப்ட் பராமரிப்பு வேலை கிடைத்தது. தினமும் ஒரு புதுக் கட்டடம், புது வாட்ச்மேன், புதுக் கோளாறு. என் கால்களுக்கு ஏற்ற வேலை என்று நினைத்தேன்.

என்னோடு ஜோடியாக வேலை செய்பவர் யாதகிரி. தெலுங்குக்காரர், என்னைவிட வயதில் இளையவர், வாயாடி. ஒரு நாள் உப்பல் பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் பழைய லிஃப்ட். யாதகிரி கூண்டின் மேல் ஏறி நின்று இரும்புத் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். கூண்டின் மேல் இருக்கவேண்டிய நிறுத்தும் பொத்தான் பழுது. அதனால் மொட்டை மாடி மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதற்குக் காவலாக நான் நிற்க வேண்டும். அவர் வெளியே வந்து குரல் கொடுக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. இவ்வளவுதான் என் வேலை. வாட்ச்மேன் வந்து தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது, ஒரு நிமிஷம் பாருங்கள் என்றான். போனேன். பார்த்தேன். திரும்பி வந்தேன். வாசல் உத்தரம் தாழ்வு, நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டேன். நெற்றியைத் தேய்த்தபடி நிமிர்ந்தால் மெயின் அணைந்திருக்கிறது. இது ஏன் அணைந்திருக்கிறது என்று கையை வைத்தேன்.

அப்போது ரோப் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழேயிருந்து ஓர் இருமல் வந்தது.

கை அப்படியே நின்றது. அதைத் தள்ளியிருந்தால், எந்த மாடியிலாவது ஒரு குழந்தை பொத்தானை அழுத்தினால் போதும், கூண்டு மேலே போயிருக்கும், யாதகிரியோடு. கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மேலே வந்ததும் சொன்னேன். மறைக்கும் தைரியம்கூட இல்லை. யாதகிரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் பாய்?"

"நீ செத்திருப்ப."

"நான் செத்தா நிம்மதி. என் பொண்டாட்டி உன் ரூமுக்கு வந்து உட்கார்ந்துக்குவா. மூணு வேளையும் அவ வைக்கிற தால்ச்சாதான். நீ ஒரு வாரம் தாங்க மாட்ட."

சிரித்தோம். மறுநாள் வேறொரு கட்டடம். நான் மெயினை அணைத்தேன். யாதகிரி சுவிட்ச் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டைகளை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். "கைக்கு?" என்று கேட்டேன். இந்த ஊர் இந்தியில் எதற்கு என்று அர்த்தம். "சும்மாதான் பாய்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பியூஸ் இல்லாமல் யார் சுவிட்சைப் போட்டாலும் கரண்ட் வராது, அவர் செய்தது சரி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பை உப்பியிருந்தது. என் பயம் என் கற்பனை இல்லை என்று அது சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு போனில் தேட ஆரம்பித்தேன். டைப் அடிக்கப் பொறுமை இல்லை, வாயால் கேட்டேன். தமிழில் "மறதி அதிகமா இருக்கு" என்றால் வல்லாரைக் கீரை வந்தது, பாதாம் பருப்பு வந்தது, குலதெய்வத்துக்கு விளக்குப் போடச் சொன்னார் ஒருவர். இந்தியில் கேட்டால் மாத்திரை விளம்பரம். ஒரு வீடியோவில் கனடாவில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் தன்னைப் பற்றிப் பேசினார். சாவியை ஃபிரிட்ஜில் வைப்பதையும், ஒருவர் பேசும்போது அவர் வாயைப் பார்த்தபடியே வேறெங்கோ போய்விடுவதையும் சொன்னார். என்னை யாரோ ஒளிந்திருந்து பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. ஏடிஹெச்டி என்றார். தமிழில் அதற்குப் பெயர் தேடினேன். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு.

எனக்கு அந்த முதல் சொல்லோடு போதும் என்று ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் கவனக்குறைவு என்பது ஆள் செத்த பிறகு எழுதும் சொல். ஊரில் பஸ் கவிழ்ந்தாலும், பட்டாசு ஆலை வெடித்தாலும் பேப்பரில் அதுதான் வரும், கவனக்குறைவே காரணம் என்று. யாரைப் பிடித்து உள்ளே வைப்பது என்பதற்கான சொல் அது. அதை எனக்கு நோய் என்று சொன்னால், நான் என் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் அல்லவா ஆகும்? சூப்பர்வைசரிடம் போய் எனக்குக் கவனக்குறைவு என்று சொல்ல முடியுமா? போனை அணைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி தேடினேன்.

யாதகிரிதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். "டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வா பாய். அப்புறம் சேர்ந்து ஏறலாம்." அதற்குள் உப்பல் விஷயம் கம்பெனிக்குத் தெரிந்து, அவருக்கு வேறு ஆளை ஜோடியாகப் போட்டிருந்தார்கள். என்னைக் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவில் இளம் டாக்டர், வடக்கேயிருந்து வந்தவர். தெலுங்கு அவருக்கு அவ்வளவாக வராது. எனக்கு ஆங்கிலம் வராது. இந்திதான் வழி. என் இந்தி பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. டீக்கடையிலும் லிஃப்ட் குழியிலும் பொறுக்கியது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். இந்த மறதி எப்போதிலிருந்து?

"பர்சோன் சே, சாப்" என்றேன். ரொம்ப காலமாக என்று சொன்னதாக எனக்கு நினைப்பு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்டார். அப்போது தலைக்கு மேல் ஓடிய ஃபேனில் ஒரு சத்தம் இருந்தது. பேரிங் தேய்ந்த சத்தம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன உரசல். இன்னும் ஒரு மாதம் ஓடும், அதற்கு மேல் தாங்காது என்று நினைத்தேன். டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார். "ஹவ்" என்றேன். இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான். கேள்வி புரியாத இடத்தில் எல்லாம் எனக்குத் துணையாக நிற்கும் சொல். அதற்கு முன்பு சரியாக இருந்தாயா என்று அவர் கேட்டிருக்கிறார். தலையில் அடி பட்டதா என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அதற்கும் ஹவ். நெற்றியில் தழும்பே இருந்தது.

டாக்டர் முகம் மாறிவிட்டது. என் கண்ணில் டார்ச் அடித்தார். விரலைப் பார்க்கச் சொன்னார், ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். உயரத்தில் ஏறக்கூடாது. அடுத்த முறை கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா, தனியாக வராதே.

மண்டைக்குள் கட்டி என்று நானே முடிவு செய்துகொண்டேன். வெளியே வந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் நான் விழுந்தால் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்று யோசித்தேன். அருப்புக்கோட்டையில் நாய் அடிபட்டால்கூட அது யார் வீட்டு நாய் என்று சொல்ல ஆள் உண்டு. அந்த ஊரை நினைத்து நான் ஏங்குபவன் அல்ல. அங்கே வாங்கிய அடி போதும். ஆனாலும் பயத்தில் அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஏடிஹெச்டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாரெட்பள்ளி, கூட்டம். போனில் படம் எடுத்துக்கொண்டேன். எடுத்ததை மறக்காமல் இருந்தது பயத்தினால்தான்.

அது ஒரு மழலையர் பள்ளியின் கூடம். எல்லோரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மேலே தூக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பெற்றோர்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். பாதி புரிந்தது. என் முறை வந்ததும் ஒரு பெண், உங்கள் குழந்தைக்கு என்ன வயது என்று இந்தியில் கேட்டார்.

"குழந்தை இல்லை. நான்தான்" என்றேன்.

ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் அந்த நாற்காலி இடுப்பைக் கவ்வியிருந்தது. மூலையிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார். "தமிழா நீங்க? உங்க இந்தியிலேயே தெரியறது."

அவர் பெயர் ராஜலட்சுமி. அப்பா ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது சிகந்திராபாத்தில். மகனுக்குச் சின்ன வயதிலேயே இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அவன் வேலைக்குப் போகிறான். "நான் தமிழ்ல கேப்பேன், அவன் தெலுங்குல பதில் சொல்வான். ஏடிஹெச்டி அவனுக்கு ஒரு நோயே இல்லை, கவலைப்பட்டே எனக்குத்தான் நோய்" என்று சிரித்தார். கூட்டம் முடிந்து வாசலில் நின்றோம். டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

"எப்பயிருந்துன்னார். பர்சோன்லயிருந்துன்னேன்."

"ஐயோ! டாக்டர் எந்த ஊரு?"

"வடக்கே. இந்தி ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."

"அப்ப தீர்ந்தது. நம்ம ஹைதராபாத் பர்சோன் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முந்தாநேத்து வரைக்கும் நன்னா இருந்த மனுஷன், தலைல அடி, திடீர்னு எல்லாம் மறக்கறதுன்னு வந்து நின்னா, யாரா இருந்தாலும் ஸ்கேன்தான் எழுதுவா. அவர் பேர்ல தப்பே இல்லை."

"அப்ப மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லையா மேடம்?"

"அதை நான் எப்படிப்பா சொல்றது? ஸ்கேனை எடுத்துடுங்கோ. இடிச்சுண்டது நிஜம்தானே. அது வேற, இது வேற."

பிறகு அவர் வேறொன்று கேட்டார். இந்தக் குறைபாடு பெரியவனான பிறகு புதிதாக முளைப்பதில்லையாம். சிறு வயதிலேயே இருந்ததா என்று டாக்டர் பார்ப்பார், அதைச் சொல்ல ஆள் வேண்டும். அம்மா இருக்கிறாரா? இல்லை. பழைய மார்க் ஷீட், வாத்தியார் எழுதிய ஏதாவது? இல்லை. கூடப் படித்தவர்கள்? பெயரே ஞாபகம் இல்லை. ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருப்பவனுக்கு எங்கேயும் ஆறு மாதப் பழக்கம்தான். என்னை ஒன்பது வயதில் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் இல்லை. இதை வாசிக்கும் மற்ற வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இப்படி ஒரு கேள்வி வரும். யார் கண் முன்னால் வளர்ந்தீர்களோ அவர்களின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு அக்கா இருக்கா" என்றேன். "பொங்கலுக்குப் பேசுவேன். அதுவும் மறந்துபோகும்."

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு வேளை சாப்பாடு நிம்மதியாக இறங்கியது. அடுத்த வேளைக்குள் வேறு பயம் பிடித்துக்கொண்டது. மண்டையில் ஒன்றும் இல்லை என்றால், அந்தச் சுவிட்சில் கை வைத்தது எது? அப்பாவிடம் அதற்குப் பெயர் இருந்தது. தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடா உடைந்தால், வேறு வாங்கி வா என்று அனுப்புவார். வழியில் கடைசல் பட்டறையில் இரும்புச் சுருள் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பட்டறைக்காரர் கதவைச் சாத்தும்போதுதான் நாடா ஞாபகம் வரும். அன்று முழுக்கத் தறி ஓடியிருக்காது. திமிர் என்பார் அப்பா, பெல்ட்டைக் கழற்றியபடி. வாத்தியாரும் அதைத்தான் சொன்னார். அக்காவும் அதையே சொல்லிவிட்டால்? அப்போது எனக்கு வைத்தியம் இல்லை. எனக்கு இருப்பது திமிர், அவ்வளவுதான். யாதகிரி இனி என்னோடு ஏற மாட்டார், ஏறவும் கூடாது.

அடுத்த முறை ராஜலட்சுமி அம்மாள் கூட வந்தார். டாக்டரிடம் பர்சோன் விவகாரத்தைச் சொன்னார். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். இனி இந்த ஊரில் யார் பர்சோன் என்றாலும் எந்த வருஷம் என்று கேட்பேன் என்றார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு மேஜையில் வைத்தோம், எல்லோரும் கேட்கும்படி. நான் குறுக்கே பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராஜலட்சுமி அம்மாள் பேசினார். "நாங்க ஹைதராபாத்லேர்ந்து பேசறோம். உங்க தம்பி முருகேசன் சின்ன வயசுல எப்படி இருப்பார்? சேட்டை, மறதி, அந்த மாதிரி ஏதாவது? ஒளிக்காம சொல்லுங்கோ."

மறுமுனையில் பின்னால் தறி ஓடும் சத்தம். பிறகு அக்கா குரல், நான் கேட்டே இராத ஒரு பட்டுக் குரலில். "தங்கமான பையன்மா. ஒரு இடத்துல உக்காந்தா உக்காந்ததுதான். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடிச்சிருவான். மறதியா? எங்க வீட்டுல யாருக்குமே அது கிடையாதும்மா. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பீடியைக்கூடத் தொட மாட்டான்."

ராஜலட்சுமி அம்மாள் என்னைப் பார்த்தார். இந்தியில் சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னார். டாக்டர் தலையை ஆட்டி, பேனாவை எடுத்தார். அவர் எழுதப்போவது எனக்குத் தெரிந்தது: அமைதியான பிள்ளை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வயசுதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் அக்கா. "பாத்தா தெரியாது. பொண்ணு எந்தப் பக்கம்மா?"

டாக்டர் சொன்னதை மீறி நான் போனைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா! பொண்ணெல்லாம் ஒண்ணும் இல்ல. இது ஆஸ்பத்திரி. டாக்டர் கேக்காரு. நெசத்தச் சொல்லு."

தறி நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரியா? டேய், ஒனக்கு என்னடா ஆச்சு?" இது அவளுடைய சொந்தக் குரல். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கொட்ட ஆரம்பித்துவிட்டாள். "இவனாம்மா உக்காருவான்? சோறு திங்க உக்கார மாட்டாம்மா. தட்டைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாலயே ஓடணும். ஸ்கூலுக்கு ரோட்டைத் தாண்டித்தான் போகணும், லாரியா வரும். பேசிக்கிட்டே வருவான், திடீர்னு அங்கிட்டு எதையாச்சும் பாத்துட்டு ரோட்டுல எறங்கிருவான். ரெண்டு தரம் மயிரிழை. அதுக்கப்பறம் கழிவு நூலைத் திரிச்சு அவன் மணிக்கட்டுல கட்டி, இந்தப் பக்கம் என் கையில முடிஞ்சுக்கிட்டுத்தான் கூட்டிப் போவேன். புள்ளைக சிரிக்கும், மாட்டை ஓட்டிட்டு வாரான்னு. எங்கப்பா திமிரு திமிருன்னு அடிப்பாரு. திமிரு புடிச்சவன் இப்படி முழிக்க மாட்டாம்மா. அடி வாங்குறப்போ எதுக்கு அடிக்காகன்னே தெரியாம முழிப்பான். என்னைக்குச் சாவானோன்னு பயந்துக்கிட்டேதான் நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன்."

அந்த நூல் எனக்கு ஞாபகமே இல்லை. நான் தனியாகப் பள்ளிக்கூடம் போனதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ராஜலட்சுமி அம்மாள் ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னார். என்னுடைய சின்ன வயது அந்த அறையில் எனக்குச் சொந்தமில்லாத பாஷையில், நல்ல இலக்கணத்தோடு போய்க்கொண்டிருந்தது. டாக்டர் எழுதினார். நடுவே நிறுத்தி, நான் எந்த வகுப்பு வரை போனேன், பொருட்களைத் தொலைப்பேனா என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் மூச்சு விடாமல் சொன்னாள். கடைசியில் டாக்டர் பேனாவை மூடினார். சிறு வயதிலிருந்தே இருக்கிறது, இன்னும் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும், மாத்திரைக்கு முன்னால் இதயமும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்றார். வேலைக்குப் போகலாம், ஆனால் இன்னொருவர் உயிர் இருக்கும் சுவிட்சை உன் ஞாபகத்தை நம்பி விடாதே, பியூஸை அவர் எடுத்துப் போவது நல்ல பழக்கம், அதை இரண்டு பேரும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பயம் போகவில்லை. ஆனால் இனிமேல் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது.

"ஏம்மா" என்றாள் அக்கா. "அவனுக்கு அங்கிட்டு யாரு இருக்கா? ரோட்டைத் தாண்டையில யாரு புடிச்சுக்கிறா? இல்லாட்டி இங்கிட்டு அனுப்பிவிட்டுருங்க."

ராஜலட்சுமி அம்மாள் இதை மொழிபெயர்க்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். டாக்டர், கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். மேஜையில் போன். அதற்கு அந்தப் பக்கம் அருப்புக்கோட்டை. நான் டாக்டருக்கு இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன், இங்கே எனக்கு ஆள் உண்டு என்று. பாதியில் இந்தி நின்றது, மீதி தமிழில் வந்தது, போனைப் பார்த்து அக்காவிடம், நான் வரவில்லை என்று.

"என்னது?" என்றாள் அக்கா.

"க்யா?" என்றார் டாக்டர்.